நடுவழியில் கப்பல் ஏறுவோருக்கு: பெட்டிக்கும் பாட்டிலுக்கும் 17 குறிப்புகள்

கப்பல் சுற்றுலா என்றால் வெளிநாட்டுக்காரர்கள் சமாச்சாரம் என்று இருந்த காலம் போய்விட்டது. 2021 செப்டம்பரில் மும்பையிலிருந்து கோர்டெலியா நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்' கப்பல் ஓடத் தொடங்கியபிறகு கொச்சி, லட்சத்தீவு, கோவா என்று நம் கடலிலேயே சுற்றிவர வழி பிறந்தது. ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கிட்டத்தில் உள்ள சுற்றுலாக் கப்பல் துறைமுகம் கொச்சிதான். ஆனால் நாம் கொச்சியில் ஏறும்போது கப்பல் பெரும்பாலும் மும்பையில் கிளம்பிப் பாதிச் சுற்றை முடித்து வந்திருக்கும். அறைகளில் ஆள் இருப்பார்கள். ஊர் பார்க்க இறங்கியவர்கள் திரும்பி ஏறிக்கொண்டிருப்பார்கள். அந்த நெரிசலில்தான் நாமும் பெட்டி படுக்கையோடு ஏறவேண்டும். நம் ஊர் ஸ்டேஷனில் ரயில் நிற்கிற கொஞ்ச நேரத்துக்குள் மூட்டை முடிச்சோடு ஏறுவது போன்ற அவசரம் இது. இந்த அவசரத்தில் பெரிய பெட்டியும் குடிக்கிற பாட்டிலும்தான் அதிகம் தொல்லை தரும். வீட்டிலேயே யோசித்து எடுத்துவைத்தால் இரண்டையும் சமாளித்துவிடலாம்.

1. டிக்கெட்டில் ஏறும் துறைமுகம் 'கொச்சி' என்று அச்சாகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மும்பையில் ஏறுவதாகப் பதிந்துவிட்டு, "கொச்சி பக்கம்தானே, அங்கேயே ஏறிக்கொள்கிறோம்" என்று கடைசி நேரத்தில் மாற்ற முடியாது. எந்தத் துறைமுகத்தில் யார் ஏறுகிறார்கள் என்ற பயணிகள் பட்டியல் முன்கூட்டியே துறைமுகத்துக்குப் போய்விடும். அதில் பெயர் இல்லாதவரை வாசலைத் தாண்ட விடமாட்டார்கள். இன்னொரு சங்கடம் நம் இனிஷியல். ஆதாரில் எஸ். என்று ஓரெழுத்தாக இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக இருக்கும். எந்த அடையாள அட்டையைக் காட்டப் போகிறீர்களோ அதில் உள்ளபடியே டிக்கெட் போடுங்கள்.

2. ஒரே ஒரு யானைப் பெட்டி வேண்டாம், நடுத்தரமான இரண்டு பெட்டிகள் போதும். கப்பலுக்கும் துறைக்கும் நடுவே போடும் நடைபாலம் தட்டையாக இருக்காது. கடல்மட்டம் ஏற ஏற அதன் சரிவும் கூடும். பாலத்துக்கு முன்னால் பெட்டி சோதனைக் கருவிக்குள் போய்வர வேண்டும். 2004 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் சர்வதேசக் கப்பல் பாதுகாப்பு விதிகளின் கீழ் ஏறுகிறவர்களின் சாமான்கள் சோதனைக்கு உட்பட்டவை. கருவியின் வாய்க்குள் நுழையாத பெட்டியைத் திறந்து கையால் துழாவுவார்கள். பின்னால் நூறு பேர் நிற்க, மடித்து வைத்த புடவையெல்லாம் மேசைமேல் பரவிக் கிடக்கும்.

பெரிய பெட்டியோடு நடுவழியில் கப்பல் ஏறுவது தமிழருக்குப் புதிதல்ல. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே பல்லாண்டுகள் ஓடிய 'ரஜூலா' கப்பல் நாகப்பட்டினத்திலும் ஆள் ஏற்றியது. அங்கே கப்பல் கரையை அணைய முடியாததால் கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். ட்ரங்குப் பெட்டி, ஓலைப்பாய், ஊறுகாய் ஜாடி சகிதம் படகில் போய், ஆடுகிற அலையில் ஏறினார்கள் நம் முன்னோர். அவர்கள் பிழைக்கப் போனார்கள், வீட்டையே கட்டித் தூக்கிப் போகவேண்டிய கட்டாயம் இருந்தது. நாலு நாள் சுற்றுலாவுக்குப் போகிற நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

3. பெட்டியைக் கட்டி முடித்ததும் நீங்களே தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறிப் பாருங்கள். வீட்டில் மாடி இல்லையென்றால் பக்கத்து வீட்டுப் படியாவது ஏறுங்கள். நடுவில் இறக்கிவைக்க வேண்டியிருந்தால் பாரம் அதிகம் என்று பொருள். எடை பார்க்க ஆன்லைனில் கிடைக்கும் கொக்கித் தராசு போதும். நாகர்கோவிலிலிருந்து ரயிலில் போகிறவர்கள் ரயில்வே கணக்கையும் நினைவில் வையுங்கள். ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் ஒருவருக்கு 40 கிலோ, இரண்டாம் வகுப்பில் 35 கிலோ வரை இலவசம்.

4. முதல் நாளே கொச்சி போய்ச் சேருங்கள். இது செலவுதான், இருந்தாலும் வலியுறுத்திச் சொல்கிறேன். கப்பல் கொச்சியில் நிற்பது ஒரு பகல்பொழுதுதான், சில சமயம் அதைவிடக் குறைவு. நாகர்கோவிலிலிருந்து எர்ணாகுளம் ஏறக்குறைய 290 கிலோமீட்டர். ஒற்றைப் பாதைப் பகுதிகளில் எதிர்வண்டிக்காக ரயில் காத்துக் கிடக்கும். காரில் போனால் திருவனந்தபுரத்துக்கு அப்பால் நெடுஞ்சாலை விரிவாக்க வேலை நடக்கிறது. கப்பல் யாருக்காகவும் காத்திருக்காது. கொச்சியில் தவறவிட்டவருக்கு அடுத்த நிறுத்தம் நடுக்கடல்தான்.

எர்ணாகுளம் சந்திப்பில், அதாவது தெற்கு ஸ்டேஷனில் இறங்குவது நல்லது. சில வண்டிகள் வடக்கு ஸ்டேஷனில் மட்டும் நிற்கும், அதைப் பார்த்து டிக்கெட் எடுங்கள். துறைமுகம் இருப்பது வெல்லிங்டன் தீவில். அங்கே சுற்றுலாப் பயணிகளுக்கு சமுத்ரிகா, சாகரிகா என்று இரண்டு முனையங்கள் உண்டு. சாகரிகா 2021 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. ஆட்டோக்காரரிடம் வெறுமனே "கப்பலுக்கு" என்று சொல்லாமல் எந்த முனையம் என்று பெயரைச் சொல்லுங்கள். இல்லையென்றால் பெட்டியோடு இரண்டு வாசலுக்கும் அலையவேண்டி வரும்.

5. பெட்டியைப் போர்ட்டரிடம் கொடுப்பதற்கு முன் அறை எண் உள்ள அட்டையைக் கட்டிவிடுங்கள். அச்செடுத்த தாளை மடித்து, அகலமான ஒட்டுநாடாவால் முழுக்கச் சுற்றிக் கைப்பிடியில் பிணைத்தால் மழையிலும் கிழியாது. நடுவழித் துறைமுகத்தில் இறங்குகிறவர் பெட்டியும் ஏறுகிறவர் பெட்டியும் ஒரே கொட்டகையில் குவிந்துகிடக்கும். கறுப்பு டிராலியும் நீல டிராலியும்தான் எங்கும். பளிச்சென்ற பழைய புடவைக் கரையைக் கிழித்துக் கைப்பிடியில் கட்டிவிட்டால் தூரத்திலிருந்தே தெரியும். பெட்டியை நாலு பக்கமும் போனில் படம் எடுத்து வையுங்கள்.

6. போர்ட்டரிடம் கொடுத்த பெட்டி உங்கள் அறைக்கு வரச் சாயங்காலம் ஆகலாம். அதுவரை தேவைப்படுவது கைப்பையில் இருக்கவேண்டும்: அடையாள அட்டை, டிக்கெட், மாத்திரைகள், மூக்குக்கண்ணாடி, போன் சார்ஜர், பவர் பேங்க், ஒரு மாற்றுத் துணி. சர்க்கரை நோயாளிகள் இன்சுலினைப் பெரிய பெட்டியில் போடவே கூடாது. வெயிலில் கிடந்தால் அதன் வீரியம் கெட்டுவிடும்.

7. மது பாட்டில் விஷயத்துக்கு வருவோம். பல வீடுகளில் ஆண்கள் கேட்கத் தயங்குகிற, பெண்கள் பேச விரும்பாத விஷயம். பேசாமல் விட்டால் வாசலில் வந்து தலைகுனிய வைக்கும். கோர்டெலியாவில் வெளியிலிருந்து மது கொண்டுவர அனுமதி இல்லை. ராயல் கரீபியன், கார்னிவல் போன்ற வெளிநாட்டுக் கப்பல்களில் குடிக்கும் வயதுள்ள ஒருவர் 750 மில்லி ஒயின் ஒரு பாட்டில் கொண்டுபோகலாம், அதுவும் ஏறுகிற நாளில் மட்டும், கைப்பையில். விஸ்கி, ரம், பீர் எதற்கும் இடமில்லை. நடுவழியில் ஏறுகிறவருக்கு 'ஏறுகிற நாள்' என்பது அவர் ஏறுகிற நாள்தான், கப்பல் கிளம்பிய நாள் அல்ல. இருந்தாலும் வாசலில் நிற்கும் காவலர் அன்று நூற்றுக்கணக்கான பழைய பயணிகளைத் தடுத்துக்கொண்டிருப்பார். உங்கள் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு "நாங்கள் இன்றுதான் ஏறுகிறோம்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

"மக்ளே, ஒரு பாட்டிலுதானே, துணிக்கெடையில சுருட்டி வச்சா யாரு பாக்கப் போறா?" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லக்கூடும். சோதனைக் கருவியின் திரையில் பாட்டிலின் வடிவம் துணியைத் தாண்டி அப்படியே தெரியும். தண்ணீர் பாட்டிலில் மாற்றி ஊற்றுவதும் பழைய தந்திரம். மூடியின் முத்திரை உடைந்திருந்தாலே திறந்து முகர்ந்து பார்ப்பார்கள். இதற்கு முன்னால் இன்னொரு கண்டமும் இருக்கிறது. களியக்காவிளையைத் தாண்டினால் கேரளக் கலால் சட்டம். நம் டாஸ்மாக் பாட்டில் அங்கே வெளிமாநில மது, பிடிபட்டால் வழக்குதான். லட்சத்தீவிலோ பங்காரம் தீவு நீங்கலாக மதுவிலக்கு வெகுகாலமாக நடப்பில் இருக்கிறது. கப்பலில் வாங்கியதைக்கூடக் கையில் எடுத்துக்கொண்டு தீவில் இறங்கக் கூடாது.

8. வழியில் இறங்கி ஊர் சுற்றும்போது வாங்கும் பாட்டிலுக்கு விதி வேறு. பெரும்பாலான கப்பல்களில் அதை வாசலிலேயே வாங்கிவைத்து ரசீது தருவார்கள், பயணத்தின் கடைசியில் திருப்பித் தருவார்கள். ரசீதைப் போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள்.

9. பதநீர், மோர், நன்னாரி சர்பத், கோலி சோடா. நம் வீட்டுப் பிரியங்கள் இவை. இவற்றில் பதநீரை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் பாட்டிலில் அடைத்து எடுத்துப் போகாதீர்கள். கலயத்தில் சுண்ணாம்பு தடவுவதே அது புளிக்காமல் இருக்கத்தான். இறக்கிச் சில மணி நேரம் ஆனால், அதுவும் வெயிலில், சுண்ணாம்பின் கட்டுப்பாடு தளர்ந்து நொதிக்கத் தொடங்கிவிடும். காற்று சேர்ந்து பிளாஸ்டிக் பாட்டில் பலூன் மாதிரி உப்பும், மூடியைத் திருகியதும் பீறிட்டு அடிக்கும். நொதித்தால் அது கள். கேரள எல்லைக்குள் கள்ளோடு ரயிலில் உட்கார்ந்திருப்பதை யோசித்துப் பாருங்கள்.

அதற்குப் பதில் கருப்பட்டி எடுத்துப் போங்கள். வீட்டிலேயே தட்டிப் பொடித்து, சுக்கு, மல்லி, மிளகு, ஏலக்காய் சேர்த்து இடித்த தூளோடு கலந்து சிறு சிறு பொட்டலமாகக் கட்டினால், கப்பல் உணவுக்கூடத்தில் கிடைக்கும் வெந்நீரில் போட்டுக் கலக்கினாலே கருப்பட்டிக் காப்பி தயார். ஒரு பொட்டலம், ஒரு கோப்பை. கருப்பட்டி கடல்காற்றில் கசிந்து ஒட்டும், அதனால் ஒவ்வொரு பொட்டலத்தையும் நல்ல பிளாஸ்டிக் உறையில் வைத்து மூடுங்கள். நன்னாரிக்கும் இதே வழி: சர்பத்தை விட்டுவிட்டு வேரைக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு இரவில் வெந்நீரில் ஊறப்போடலாம். பொடி, வேர் எதுவானாலும் மேலே பெயர் எழுதிய சீட்டு ஒட்டுங்கள். பெயரில்லாத பழுப்புத் தூளைப் பார்த்தால் எந்தக் காவலருக்கும் சந்தேகம் வரும்.

10. குளிர்பானம், டின் ஜூஸ் கொண்டுபோவதிலும் கப்பலுக்குக் கப்பல் விதி மாறும். உதாரணமாக கார்னிவலில் ஒருவர் 355 மில்லி டின் 12 வரை ஏறுகிற நாளில் கைச்சாமானாகக் கொண்டுபோகலாம், பாட்டில் கூடாது. நம் நாட்டுக் கப்பலில் வெளி உணவு, வெளிப் பானம் இரண்டையுமே பொதுவாகத் தடுத்துவிடுவார்கள், அதனால் மேலே சொன்ன கருப்பட்டிப் பொடியையும் கீழே சொல்லும் ஊறுகாயையும்கூட முன்கூட்டியே கேட்டுக்கொண்டு எடுங்கள். கேஸ் கணக்கில் தண்ணீர் வாங்கித் தூக்கிச் செல்வது வீண். கப்பல்கள் கடல்நீரை உப்புநீக்கிக் குடிநீராக்கிக்கொள்கின்றன. ஆளுக்கு ஒரு காலி எவர்சில்வர் பாட்டில் எடுத்துப் போனால் போதும். காலி பாட்டிலுக்கு எங்கும் தடை இல்லை. வாசலுக்கு வரும் முன் அதிலுள்ள தண்ணீரைக் குடித்தோ கொட்டியோ தீருங்கள்.

பானத் தொகுப்பு என்று நாளொன்றுக்கு இவ்வளவு என மொத்தமாகப் பணம் வாங்கும் திட்டம் கப்பலில் இருந்தால், நடுவழியில் ஏறும் உங்களுக்கு மீதமுள்ள நாட்களுக்கு மட்டும் கணக்குப் போடுகிறார்களா என்று பணம் கட்டும் முன் கேளுங்கள். கேட்காமல் கட்டுகிறவர்கள்தான் அதிகம்.

11. குழந்தைக்குப் பால்பவுடர், நோயாளிக்கு மருத்துவர் சொன்ன சத்துப்பானம், இவற்றை அனுமதிப்பார்கள். ஆனால் முன்னதாக மின்னஞ்சலில் தெரிவித்து, வந்த பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் சீட்டும் கூடவே இருக்கட்டும். உப்பு சர்க்கரைக் கரைசலைத் திரவமாக எடுக்காமல் பொடிப் பாக்கெட்டாக வையுங்கள். கடல் ஒவ்வாமையில் வாந்தி எடுப்பவர்களுக்கு அது கட்டாயம் வேண்டும். ஒவ்வாமை மாத்திரை போடுவதாக இருந்தால் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு ஏறுவதற்கு முன்பே போடவேண்டும். தலை சுற்ற ஆரம்பித்தபின் போட்டால் மாத்திரையும் வெளியே வந்துவிடும்.

12. தண்ணீர் சுடவைக்கும் காயில், மின்கெட்டில், இஸ்திரிப் பெட்டி, சின்ன ரைஸ் குக்கர் ஆகியவற்றை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். நடுக்கடலில் கப்பலுக்குத் தீயைவிடப் பெரிய எதிரி கிடையாது, அதனால் இவற்றைப் பார்த்ததும் பறிமுதல்தான். கற்பூரம், ஊதுபத்தி, அகல்விளக்குக்கும் இதே விதி. வெள்ளிக்கிழமை விளக்கேற்றும் வழக்கம் உள்ளவர்கள் பேட்டரியில் எரியும் சின்ன விளக்கு ஒன்று கொண்டுபோகலாம்.

13. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். கப்பல் அறையின் ஏசியில் குறுகிய வாய் பாட்டிலிலிருந்து ஒரு சொட்டும் வராது. அகலவாய் பிளாஸ்டிக் டப்பாவில் எடுத்துப் போங்கள். மூடிக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் துண்டை வைத்துத் திருகி, மேலே ஒட்டுநாடா சுற்றி, பிறகு தனிப் பையில் போட்டால் பெட்டி குப்புறக் கிடந்தாலும் கசியாது. நார்த்தங்காய் ஊறுகாய்க்கும் இதே முறைதான். ஆனால் எண்ணெய் மிதக்கும் ஊறுகாயைவிட உப்பிட்டு உலர்த்திய நார்த்தங்காய்த் துண்டுகள் பெட்டிக்கு நல்லது.

14. ஏறியதும் நடக்கும் ஆபத்துக்காலப் பயிற்சியைத் தட்டிக் கழிக்காதீர்கள். பெட்டி வரவில்லை, அலுப்பு, காப்பி குடிக்கவேண்டும் என்று சொல்லிப் போகாமல் இருப்பவர்கள் உண்டு. 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியில் ஜிலியோ தீவருகே பாறையில் மோதிச் சாய்ந்த கோஸ்டா கொன்கோர்டியா கப்பலை நினைத்துக்கொள்ளுங்கள். அதுவும் பல துறைமுகங்களில் ஆள் ஏற்றிச் சுற்றிவந்த கப்பல்தான். அன்று சாயங்காலம் சிவிதாவெக்கியா துறைமுகத்தில் ஏறிய சுமார் 700 பேருக்கு இன்னும் பயிற்சி நடக்கவில்லை. 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பது அன்றைய விதி. விபத்தோ சில மணி நேரத்திலேயே வந்துவிட்டது. அந்த விபத்தில் 32 பேர் இறந்தார்கள். அதன்பின் விதி திருத்தப்பட்டு, 2015 ஜனவரி 1 முதல் புதிதாக ஏறியவர்களுக்குக் கப்பல் கிளம்புவதற்கு முன்போ கிளம்பிய உடனேயோ பயிற்சி நடத்தியாக வேண்டும். மும்பையில் ஏறியவர்கள் முன்பே முடித்துவிட்டிருப்பார்கள், அறிவிப்பு உங்களுக்குத்தான். அறைக்கதவின் பின்னால் உள்ள வரைபடத்தில் உங்கள் கூடுமிடத்தைப் பார்த்து, ஒரு தடவை குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு நடந்து போய் வாருங்கள். லிஃப்ட்டில் போகாமல் படி வழியே போய்ப் பழகுங்கள்.

15. அறை சிறிசு. சாமான்களை அலமாரியில் அடுக்கியதும் காலிப் பெட்டிகளை ஒன்றுக்குள் ஒன்று வைத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுங்கள். நடைவழியில் பெட்டி கிடந்தால் ராத்திரி கப்பல் ஆடும்போது காலில் இடிக்கும். கப்பல் அறைச்சுவர் பெரும்பாலும் இரும்புத் தகடுதான். நாலைந்து காந்தக் கொக்கிகள் எடுத்துப் போனால் துண்டு, தொப்பி, கைப்பை எல்லாம் சுவரில் தொங்கும்.

16. இலங்கை வரை போகும் பயணமாக இருந்தால் சுங்கத்தையும் நினைக்கவேண்டும். 2023 ஜூனில் சென்னையிலிருந்து கிளம்பிய இதே எம்ப்ரஸ் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று சுற்றியது. திரும்பி வருகையில் ஒருவர் வரியில்லாமல் கொண்டுவரக்கூடிய மது 2 லிட்டர். யாழ்ப்பாணத்துச் சொந்தக்காரர்களுக்கு என்று கொண்டுபோகும் பொருள்களுக்குத் தனிப் பை வையுங்கள், அதில் என்ன இருக்கிறது என்று ஒரு பட்டியலும் வையுங்கள். சுங்க மேசையில் அந்த ஒரு பையை மட்டும் திறந்து காட்டினால் முடிந்தது.

17. கடைசியாக, கப்பலில் வேலைக்குச் சேரப் போகும் நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு. அவர்கள் ஏறுவதும் பெரும்பாலும் நடுவழியில்தான், சில சமயம் துறைமுகம்கூடக் கிடையாது. கொரோனா காலத்தில், 2020 ஜூலை முதல், நமக்குப் பக்கத்து விழிஞ்ஞத்தில் அப்படித்தான் நடந்தது. போகிற கப்பல் கடலில் நிற்க, கரையிலிருந்து படகில் போய் ஊழியர்கள் மாறிக்கொண்டார்கள். படகிலிருந்து கப்பலுக்குக் கயிற்றேணி. நீர்மட்டத்திலிருந்து ஏறவேண்டிய உயரம் 9 மீட்டருக்கு மேல் என்றால் கயிற்றேணியோடு சாய்வுப் படியையும் சேர்த்துப் போடவேண்டும் என்பது விதி. முதுகில் பையை மாட்டிக்கொண்டு ஏணியில் ஏறவே கூடாது. பை பின்னுக்கு இழுக்கும், பிடி தவறும். பையைக் கயிற்றில் கட்டி மேலே இழுக்கச் சொல்லி அனுப்பிவிட்டு, இரண்டு கையும் வெறுமையாக ஏறவேண்டும். அதனால் உருளும் டிராலியைவிட, கனமான துணியில் தைத்த, இரண்டு பக்கமும் உறுதியான கைப்பிடி உள்ள நீளப்பை நல்லது. பாஸ்போர்ட், மாலுமிச் சான்றுப் புத்தகம், மருத்துவச் சான்று மூன்றையும் தண்ணீர் புகாத உறையில் போட்டு, சட்டைக்குள் உடம்போடு ஒட்டிக் கட்டி அனுப்புங்கள். கயிற்றில் ஏறும் பையில் அவற்றை வைக்கவேண்டாம்.